பதினேழாம் நம்பர் மூக்கு

பார்சலில் கடிதம் இல்லை. மூன்று ரொட்டித் துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். பத்து வருஷ அரசாங்க உத்தியோகத்தில் எனக்கு வந்த முதல் லஞ்சம் காய்ந்த ரொட்டியா என்று அலுத்துக்கொண்டே ஒரு துண்டை வாய்க்குக் கொண்டுபோனேன். சாபிரா அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாட்சியத்தத் திங்காத யூரா."

சாபிரா அக்கா எங்கள் வட்டாரத்தின் தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர். ஐம்பத்திரண்டு வயது, முழங்கால் வரை கம்பளி பூட்ஸ், சிரிக்கத் தெரியாத முகம். கரகண்டி நகரத்தைச் சுற்றியுள்ள நிலக்கரிச் சுரங்க முதலாளிகளில் பாதிப் பேர் அவர் பெயரைச் சொன்னாலே எழுந்து நிற்பார்கள். நான் பாக் யூரா. அவருடைய உதவியாளர், டிரைவர், குமாஸ்தா. வேறு யாரும் செய்ய மாட்டேன் என்கிற வேலைகளும் என்னுடையவைதான். எங்கள் தாத்தா காலத்தில் கொரியாக்காரர்களை ரயிலில் ஏற்றி இந்தப் பொட்டல் வெளியில் இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் சாப்பாட்டை வீணாக்கியது கிடையாது. அதனால்தான் அந்த ரொட்டி விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

அக்கா மூன்று தாள்களையும் மேஜையில் விரித்தார். மூன்றும் வெவ்வேறு நாள் பத்திரிகைகள். முதலாவது பதினொரு நாளைக்கு முந்தையது. தபால் முத்திரை கரகோஸ் சுரங்கக் குடியிருப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு வாயில் இருந்த கிண்டல் வற்றிப்போனது. என் அண்ணன் கேனா கரகோஸ் சுரங்கத்தின் மூன்றாம் பகுதியில் எலக்ட்ரீஷியன். அன்று காலை எட்டு மணி ஷிஃப்டில் கீழே இறங்கியிருந்தான்.

ரொட்டியை முகர்ந்து பார் என்றார் அக்கா. முகர்ந்தேன்.

"என்ன வாசனை?"

"ரொட்டி வாசனை."

"அதுதான் தப்பு."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊர்ப் பக்கம் சுரங்கத்துக்குப் போகிற அப்பன் எவனும் கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை முழுசாகத் தின்ன மாட்டான். ஒரு துண்டு ரொட்டியை மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, நரி உனக்குக் கொடுத்து அனுப்பியது என்று பிள்ளை கையில் வைப்பான். நரி ரொட்டி என்றே அதற்குப் பெயர். ஆறு மணி நேரம் கரிக்குள் கிடந்த ரொட்டி அது. மேலெல்லாம் கட்டைவிரல் ரேகை கறுப்பாகப் பதிந்திருக்கும், கடித்தால் பல்லில் நறநறக்கும். நானும் அண்ணனும் அதைத் தின்று வளர்ந்தவர்கள்தான்.

இந்த மூன்றும் துடைத்து வைத்தது போல வெள்ளையாக இருந்தன.

"இந்த ரொட்டியக் கொண்டுபோன ஆளு கரி பக்கமே போகலை," என்றார் அக்கா. "போகவேண்டிய ஆளு போகலை. அது அவன் வீட்டுல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. வாயால சொல்ல பயந்துக்கிட்டு ரொட்டிய அனுப்பியிருக்காங்க. வண்டிய எடு."

வேலைக்குப் போகாமல் ஏமாற்றும் ஒரு சோம்பேறிக்காக நாற்பது கிலோமீட்டரா என்று கேட்டேன். அவர் தன் தகர டப்பியைத் திறந்து ஒரு குர்த் எடுத்து என் வாயில் போட்டார். காய வைத்த தயிரை உப்பிட்டு உருட்டியது; கல்லு மாதிரி இருக்கும். அதைச் சப்பிக்கொண்டிருக்கும்போது பேச முடியாது. அக்கா எனக்குக் குர்த் கொடுத்தால் வாயை மூடு என்று அர்த்தம்.

ஜீப்பின் முன்பக்கம் அவர் ஒரு பித்தளைக் காற்றழுத்தமானியை மாட்டி வைத்திருப்பார். வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு வந்தார். விடிந்ததிலிருந்து முள் இறங்கிக்கொண்டே இருந்தது. வடக்கே வானம் ஈயத்தகடு போலக் கனத்துக் கிடந்தது. மத்தியானத்துக்குள் பனிப்புயல் வந்துவிடும். புயலைப் பற்றி எனக்கு ரோட்டுக் கவலை. அக்காவுக்கு வேறு கவலை. மேலே காற்றழுத்தம் குறைந்தால் கீழே சுரங்கம் மூச்சு விடும். கரி வெட்டிய பழைய பொந்துகளில் அடைந்து கிடக்கிற மீத்தேன் மெல்ல வெளியே வரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. நூறில் ஐந்து பங்கு சேர்ந்துவிட்டால் ஒரு பொறி போதும்.

கரகோஸ் சுரங்கத்தின் இயக்குநர் இக்னாத் பாவ்லோவிச் எங்களை வாசலிலேயே வந்து வரவேற்றார். நல்ல தடித்த மனிதர், நல்ல தடித்த சிரிப்பு. முன்கூட்டியே சொல்லாமல் போன எங்களுக்கு முன்கூட்டியே குதிரைக் கறி வெந்துகொண்டிருந்தது. அது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல், மூன்றாம் பகுதியில் கரி வெட்டும் இடத்துக்கு இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார்.

இயக்குநர் கையை விரித்தார். பெண்கள் கீழே இறங்கினால், ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டை இழுக்கிற ஆளே வேலையை விட்டு ஓடிவிடுவான், சுரங்கக்காரர்களின் நம்பிக்கை அப்படி, தான் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்படியானால் நான் போகிறேன் என்றேன். கூண்டில் இரண்டு மணி வரைக்கும் மரமும் இரும்பும் இறங்குகிறது என்றார். இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறும். அப்போது வேண்டுமானால் போகலாம்.

"கீழ எத்தன பேரு?" என்று அக்கா கேட்டார்.

"மூணாம் பகுதியில முப்பத்தெட்டு பேரு. எல்லாம் சுகமா இருக்காங்க. நீங்க கறி சாப்பிடுங்க."

அப்போது மணி பதினொன்றேகால். அக்கா கறியைப் பார்க்கவில்லை. பதினேழாம் நம்பர் மூக்கைக் காட்டுங்கள் என்றார்.

மீத்தேனை மோப்பம் பிடிக்கிற பெட்டியைத்தான் எங்கள் ஆட்கள் மூக்கு என்பார்கள். கரி வெட்டும் இடத்தில் கூரையை ஒட்டித் தொங்கும். வாயு நூறில் ஒரு பங்கைத் தாண்டினால் அதுவே மின்சாரத்தை வெட்டிவிடும், இயந்திரம் நின்றுவிடும். அதன் கம்பி மேலே கட்டுப்பாட்டு அறைவரை வரும். அங்கே திரையில் கோடாக ஓடும். மூன்றாம் பகுதிக்கு உள்ளது பதினேழாம் நம்பர்.

திரையில் அந்தக் கோடு சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. நூறில் அரைப் பங்குக்கும் கீழே. இயக்குநர் அதைத் தட்டிக் காட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. அண்ணன் போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தபோது, சில நாளாக இயந்திரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை என்று பெருமை அடித்தது ஞாபகம் வந்தது. அப்போது நானும் அவனுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

அக்கா ஒரு மாதக் கோட்டையும் கேட்டார். கட்டுப்பாட்டு அறைப் பெண் எடுத்துக் கொடுத்தாள். பதினொரு நாளைக்கு முன்புவரை கோடு காட்டுக் குதிரையாகக் குதித்திருந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை எல்லையைத் தாண்டியிருந்தது. அத்தனை தடவையும் வேலை நின்றிருந்தது. பதினொரு நாளைக்கு முன்பு ஒரு காலை வேளையில் அது திடீரென்று அடங்கிப்போனது.

புதிய காற்றாடி போட்டோம், அதன் பலன் என்றார் இயக்குநர்.

"நல்ல காற்றாடி," என்றார் அக்கா. "யூரா, இந்தக் கோட்டுல சின்னச் சின்ன மேடு தெரியுதா? எப்ப எப்ப வருதுன்னு சொல்லு."

பார்த்தேன். காலை எட்டரைக்கு ஒரு மேடு. மத்தியானம் இரண்டரைக்கு. ராத்திரி எட்டரைக்கு. விடிகாலை இரண்டரைக்கு. தினமும் நாலு மேடு, மூன்று நாலு மணி நேரம் இருந்துவிட்டு இறங்கியது. ஒவ்வொரு ஷிஃப்டும் முடிந்து அரை மணி கழித்து ஏறுகிறது என்றேன்.

"கரி வெட்டினா வாயு வருமா, ஆளுங்க வீட்டுக்குப் போனா வருமா?"

"வெட்டினாத்தான்."

"இங்க ஆளு வெட்டும்போது வாயு தூங்குது. ஆளு வீட்டுக்குப் போனதும் முழிச்சுக்குது. சரி, அதையும் விடு. போன ஞாயிற்றுக்கிழமை என்ன இருக்கு?"

போன ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்துக்கு விடுமுறை. அன்றைக்கு மேடே இல்லை. கோடு தரையோடு தரையாகப் படுத்திருந்தது.

"லீவு எடுக்கற வாயுவ நான் இப்பத்தான் பாக்கறேன்," என்றேன். "தொழிற்சங்கத்துல சேந்திருக்கும்போல."

இயக்குநர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அவர் சுவரில் இருந்த காற்றழுத்தமானியைக் காட்டினார். காலையிலிருந்து முள் இவ்வளவு இறங்கியிருக்கிறது. எந்தச் சுரங்கத்திலும் இந்நேரம் கோடு ஏற ஆரம்பித்திருக்க வேண்டும். இங்கே அசையவில்லை. புயல் வருவது ஊருக்கே தெரிகிறது, பதினேழாம் நம்பர் மூக்குக்கு மட்டும் தெரியவில்லை என்றார்.

இயக்குநரின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் கழுத்துப் பக்கம் சிவந்தது. கருவிகள் பழசு, மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், இரண்டு மணிக்கு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அக்கா கேட்டுக்கொண்டே கதவைத் தாண்டிப் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். ஜன்னலுக்கு வெளியே பனி பறக்கத் தொடங்கியிருந்தது.

நடையில் நடந்துகொண்டே அக்கா தனக்கு ஒரு குர்த் போட்டுக்கொண்டார். அவர் தானே குர்த் போட்டுக்கொண்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்த ஆளு முதல்ல என்ன செய்வான்?"

"குளிப்பான்."

"அதுக்கு முன்னால?"

"புகை பிடிப்பான். அதுக்கும் முன்னால..." நான் நின்றுவிட்டேன். "விளக்கத் திருப்பிக் கொடுப்பான்."

தலையில் மாட்டுகிற விளக்கு, இடுப்பில் கட்டுகிற பேட்டரி. விளக்கறையில் கொடுத்தால் அவற்றைச் சார்ஜில் போடுவார்கள். கரகோஸில் இருந்தவை பழைய ரகம். சார்ஜ் ஏறும்போது அந்த பேட்டரிகள் கொதித்து ஹைட்ரஜன் விடும். மூக்குக்கு மீத்தேன், ஹைட்ரஜன் என்று பேதம் கிடையாது. எரிகிற வாயு எதுவானாலும் அதற்கு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை, விளக்கு வரவில்லை, மேடும் வரவில்லை.

மூன்று கிலோமீட்டர் தள்ளி, அறுநூறு மீட்டர் ஆழத்தில் தொங்கவேண்டிய மூக்கு எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குப் புரிந்தது. பதினொரு நாளாக அங்கே கீழே யாரும் எதையும் மோப்பம் பிடிக்கவில்லை.

விளக்கறையில் ஒரு பெண் தனியாக இருந்தாள். நாற்பது வயது இருக்கும், நீலச் சட்டை, தலையில் பூப்போட்ட துணி. பெயர் குல்யாஷ் என்றாள். அவள் பின்னால் விளக்கு அலமாரிகள் வரிசை வரிசையாக நின்றன. பக்கத்துச் சுவரில் பலகை. அதில் நம்பர் போட்ட கொக்கிகள். கீழே போகிறவன் தன் பித்தளைத் தகட்டை எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் கொக்கியில் மாட்டுவான். மூன்றாம் பகுதி வரிசையில் முப்பத்தெட்டு கொக்கிகள் வெறுமையாக இருந்தன. அறுபத்தொன்று என் அண்ணனுடையது. அதை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அக்கா அலமாரிகளைப் பார்க்கவில்லை. குல்யாஷின் மேஜையைப் பார்த்தார். பால் கலந்த தேநீர். தட்டில் இரண்டு சட்டிகளுக்கு நடுவே வைத்துச் சுட்ட வீட்டு ரொட்டி. மேலே முள்கரண்டியால் குத்திய புள்ளிகள், ஏழு புள்ளியாக வட்டம் வட்டமாக. அக்கா தன் பையிலிருந்து ஒரு காய்ந்த துண்டை எடுத்து அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தார். அதிலும் ஏழு புள்ளி வட்டம்.

குல்யாஷ் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. ரொம்ப நேரமாக யாரையோ எதிர்பார்த்துக் களைத்துப்போனவள் மாதிரி இருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரு என்ன வேலைம்மா?" என்று அக்கா கேட்டார்.

"வாயு அளக்கறவரு. அசான். மூணாம் பகுதி." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "தினம் தகடு எடுத்துக்கிட்டு இறங்கறாரு. ஆனா கரி வெட்டற இடத்துக்குப் போறதில்லைக்கா. கூண்டு நிக்கற இடத்துலயே சாமான் அறையில உக்காந்துட்டு, மேல இருந்து சொல்ற நம்பர எழுதிட்டு வர்றாரு. கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாரு. எம் மக சந்தோஷமா நரி ரொட்டிய வாங்கிக்கிட்டா. நான் அவ கையப் பாத்தேன். சுத்தமா இருந்துது."

வாயைத் திறந்தால் புருஷன் ஜெயிலுக்குப் போவான். மூடினால் முப்பத்தெட்டு வீட்டுக் கதவைத் தட்ட ஆள் போக வேண்டியிருக்கும். அதனால் எழுத்தில்லாத கடிதமாக ரொட்டியை அனுப்பினேன் என்றாள். அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தவர்கள் பரிசோதனைக்கு என்று சொன்னார்களாம். எந்த நாள் என்று கேட்டதற்கு, முதல் வெள்ளை ரொட்டி வந்த அதே நாள் என்றாள். எழுந்துபோய்க் கடைசி அலமாரியைக் கைகாட்டினாள்.

நான் அலமாரிக்குப் பின்னால் நுழைந்தேன். சார்ஜ் ஏறும் பேட்டரிகளுக்கு மேலே, கூரையை ஒட்டி, பழுப்பு நிறப் பெட்டி தொங்கியது. பக்கவாட்டில் வெள்ளை மையில் பதினேழு. சுரங்கத்திலிருந்து ஏறி வருகிற கம்பிக் கட்டு அந்தச் சுவருக்குள்தான் ஓடுகிறது. அதில் ஒன்றைப் பிரித்து அழகாக இணைத்திருந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, அந்த இணைப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப மூளைக்காரன் செஞ்ச வேலை," என்றார். "சும்மா சட்டையப் போட்டு மூக்க மூடியிருந்தா கோடு செத்துப்போயிருக்கும், யாராச்சும் சந்தேகப்பட்டிருப்பாங்க. இவனுக்கு உயிரோட இருக்கற கோடு வேணும்னு தோணியிருக்கு."

அந்த இயக்குநருக்கு இவ்வளவு மூளையா என்று நான் கேட்டேன். அக்கா பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கறி மணம் வீச இயக்குநரும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பை அப்போதுதான் கழற்றி வைத்தார்.

ஆட்களை வெளியே எடுங்கள் என்றார் அக்கா. இயக்குநர் முரண்டு பிடித்தார். எழுத்தில் உத்தரவு வேண்டும், தலைமைப் பொறியாளர் ஊரில் இல்லை, இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவர்களே ஏறி வரப்போகிறார்கள் என்றார். அக்கா குல்யாஷின் தேநீர்க் கோப்பையை நகர்த்திவிட்டு அந்த மேஜையிலேயே உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தாளு கீழ போறதுக்குள்ள புயலு வந்துரும். கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டா, இன்னொரு பொய் எச்சரிக்கைன்னு நினைச்சு இருக்கறதையும் வெட்டிட்டுப் போலாம்பாங்க. உங்கண்ணன் பக்கத்துல போன் இருக்கில்ல? நீ பேசு."

விளக்கறைச் சுவரில் சுரங்கப் போன் இருந்தது. இடது கையில் மூக்கை இடுக்கிக்கொண்டு நம்பரைச் சுழற்றினேன். ஏழெட்டு மணி அடித்தது. கேனா எடுத்தபோது பின்னால் இயந்திரம் கரியை அரைக்கும் இரைச்சல் கேட்டது.

நான்தான் யூரா என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேலை நேரத்தில் என்னடா, பசிக்கிறதா என்று கேட்டான். எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே மேலே வா என்றேன். மூக்கு அரைக்கும் கீழே காட்டுகிறது, கரி வெண்ணெய் மாதிரி வெட்டுப்படுகிறது, இன்னும் பத்தடி இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறோம் என்றான்.

"அண்ணே, மூக்கு என் கையில இருக்கு."

அந்தப் பக்கம் இயந்திரத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ரொம்ப மெதுவாக ஒன்று கேட்டான்.

"விளக்கறையில இருந்தா?"

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை. பெட்டியை எங்கே எடுத்தேன் என்றும் சொல்லவில்லை. அலமாரியில் சாய்ந்துகொண்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அந்த அழகான கம்பி இணைப்பைப் பார்த்தபோதே தெரிந்திருக்கும். அதனால்தான் போனை என் கையில் கொடுத்திருக்கிறார்.

"ஆமாண்ணே," என்றேன். "விளக்கறையில. வெளிய புயல் வருது. காத்தழுத்தம் விழுந்துக்கிட்டே இருக்கு. பதினோரு நாளா அங்க எவ்வளவு இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. வந்துருண்ணே."

கொஞ்ச நேரத்தில் பின்னால் கேட்ட இரைச்சல் நின்றது. யாரோ ஏன் நிறுத்தினாய் என்று கத்துவது கேட்டது. அக்கா போனை வாங்கி, எந்த சுவிட்சையும் தொடக் கூடாது, மின்சாரத்தை மேலிருந்தே வெட்டுகிறோம், நடந்து வாருங்கள் என்று மூன்றே வாக்கியம் சொன்னார். வைத்துவிட்டார். மணி பன்னிரண்டு இருபது.

கரி வெட்டும் இடத்திலிருந்து கூண்டுக்கு முக்கால் மணி நேர நடை. அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. ஜன்னல் முழுக்க வெள்ளையாகிவிட்டது. இயக்குநர் யாருக்கோ போன் போட்டு, எதிர்முனையில் எடுக்காததால் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். சுரங்க மீட்புப் படைக்கு அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். குல்யாஷ் பலகைக்கு முன்னால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

முதல் தகடு அசானுடையது. கூண்டுக்குப் பக்கத்திலேயே இருந்தவன் முதலில் வந்துவிட்டான். சுத்தமான கையால் தகட்டை மாட்டினான். பெண்டாட்டியைப் பார்த்தான், மேஜைமேல் இருந்த ரொட்டியைப் பார்த்தான். சுவரோரம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் அவனுக்கு ஒரு கோப்பை தேநீர் ஊற்றிக்கொண்டுபோய் வைத்தாள்.

பிறகு வரிசையாக வந்தார்கள். பல்லும் கண்ணும் மட்டும் வெளுத்த ஆட்கள். சிலர் திட்டிக்கொண்டே வந்தார்கள். ஒவ்வொரு தகடும் கொக்கியில் விழும் சத்தத்தைக் குல்யாஷ் வாய்க்குள் எண்ணினாள். முப்பது. முப்பத்துநாலு. முப்பத்தேழு. அதோடு நின்றுவிட்டது. அறுபத்தொன்றாம் கொக்கி வெறுமையாகவே இருந்தது.

கடைசியாக வந்தவரைப் பிடித்துக் கேட்டேன். இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் காது கேட்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேனா திரும்பிப்போய் அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தான், வழியில் காற்றுக் கதவு ஒன்று திறந்து கிடக்கிறது, அதைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று பின்தங்கிவிட்டான் என்றார் அவர். நான் கூண்டுப் பக்கம் ஓடப் பார்த்தேன். அக்கா என் கோட்டைப் பிடித்துக்கொண்டார். என்னைவிட ஒரு தலை குள்ளமான பெண்மணி; ஆனால் என்னால் நகர முடியவில்லை.

பத்தொன்பது நிமிஷம். அந்தப் பத்தொன்பது நிமிஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. கூண்டு மணி அடித்தது. மீட்புப் படை இறங்க நின்றது. அவர்களைத் தாண்டி என் அண்ணன் நடந்து வந்தான். பலகைக்குப் போய்த் தகட்டை மாட்டினான்.

மீட்புப் படையினர் இறங்கி அளந்து போனில் சொன்னார்கள். மூக்கு தொங்கவேண்டிய இடத்தில் நூறில் மூன்று பங்கு. இயந்திரத்துக்குப் பின்னால் இருந்த மூலையில் நாலரை, ஏறிக்கொண்டிருக்கிறது. இன்னும் பத்தடி வெட்டியிருந்தால் என்று ஒருவர் ஆரம்பித்தார். யாரும் அதை முடிக்கவில்லை. அதுவரை திட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார்கள்.

யார் செய்தது என்று அக்கா பொதுவாகக் கேட்டார். கேனா ஒரு அடி முன்னால் வந்தான்.

"நான்தான் மாத்தினேன். யாரும் மாத்துன்னு சொல்லல. ஒரு நாளைக்கு ஆறு தடவ நிக்குது, இப்படியே போனா வசந்தத்துக்குள்ள மூணாம் பகுதிய மூடிருவோம்னு இவரு சொன்னாரு." இயக்குநரைப் பார்த்தான். "அப்புறம் என் தோள்ல கையப் போட்டு, அந்த மூக்கக் கொஞ்சம் நல்ல காத்து வாங்க விடேன்பான்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நூத்தி ஐம்பது குடும்பம் வேற எங்க போகும்னு நான் நினைச்சேன். கொஞ்ச நாளைக்குத்தானன்னு நினைச்சேன்."

"நீயும் அங்கதான வேலை செய்யற?" என்றார் அக்கா.

"நான் அங்க இருக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு தோணிச்சுக்கா." சொல்லிவிட்டு அவனே அதைக் கேட்டது போல வாயை மூடிக்கொண்டான்.

இயக்குநர் அப்படி ஒரு வார்த்தை தான் சொல்லவே இல்லை என்றார். முப்பத்தேழு பேர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த அசான் எழுந்து, எனக்கும் அதே வார்த்தையைத்தான் சொன்னார், தோளில் கையைப் போட்டுத்தான் சொன்னார் என்றான்.

அக்கா மேஜையில் உட்கார்ந்து அறிக்கைத் தாளை என் முன்னால் தள்ளினார். வேறு யாராவது எழுதட்டும் என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் குர்த் டப்பியைத் தொடவில்லை. நான் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தார். அதனாலேயே என்னால் சொல்ல முடியவில்லை. பேனாவைத் திறந்தேன்.

கேனா பக்கத்தில் வந்து நின்றான். கரி நாற்றமும் வியர்வையுமாக இருந்தான். பிடித்து உதைக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அவன் சட்டைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு துண்டு ரொட்டி. அவனுடைய கட்டைவிரல் அதில் கறுப்பாகப் பதிந்திருந்தது.

"நரி குடுத்துச்சு," என்றான். "எழுதுடா. முதல்ல எம்பேர எழுது. அப்புறம் அவரு பேரு."

ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பல்லில் கரி நறநறத்தது.